ரசிகர்கள் எடுத்த லெவன்: பேப்பர் திருத்துவோமா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி பக்கத்துல இருந்து காலேஜுக்கு வர்றவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். கண்மாயில தண்ணி வத்தி, தரை காய்ஞ்சு இறுகிட்டா அதுதான் கிரவுண்டு. சுத்தி சீமைக்கருவேலம், நடுவுல பிட்ச், சுத்துப்பட்டு ஊர் டீம்கள், டென்னிஸ் பால். டோர்னமென்ட் முடிஞ்சதும் எவனாவது வாட்ஸப் குரூப்ல "பெஸ்ட் லெவன் யாரு, ஓட்டுப் போடுங்க"ன்னு ஆரம்பிச்சா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். எந்த ஊர்ல போன் அதிகமோ அந்த ஊர்ப் பசங்க ஏழு பேர் லெவன்ல இருப்பாங்க. மத்த ஊர்க்காரங்க "ஓட்டே செல்லாது"ன்னு குரூப்பை விட்டு வெளிய போயிடுவாங்க.

ரெண்டு தரப்புமே ஒரு கேள்வியைக் கேக்குறதில்லை. அந்த ஏழு பேருக்குப் பதிலா யார் வந்திருக்கணும்? வந்திருந்தா எவ்வளவு வித்தியாசம்? செமஸ்டர் பேப்பரை மொத்தமா "ஃபெயில்"னு தூக்கிப் போட முடியாதுல்ல, கேள்வி கேள்வியாத்தானே மார்க் போடணும். ரசிகர் ஓட்டையும் அப்படித் திருத்தலாம். திருத்துறதுக்கு நம்மகிட்ட ஒரு நல்ல பேப்பர் இருக்கு.

2011 ஜூலை 21. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் இந்தியாவும் ஆடத் தொடங்கிய டெஸ்ட், வரலாற்றில் 2000-ஆவது டெஸ்ட். அதைக் கொண்டாட ஐ.சி.சி. இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, எல்லாக் காலத்துக்குமான சிறந்த டெஸ்ட் அணியை ரசிகர்களையே எடுக்கச் சொன்னது. இரண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்தது. வந்த அணி இது: சேவாக், கவாஸ்கர், பிராட்மேன், டெண்டுல்கர், லாரா, கபில் தேவ், கில்கிறிஸ்ட், வார்ன், வாசிம் அக்ரம், ஆம்ப்ரோஸ், மெக்ராத்.

நாலு இந்தியர், நாலு ஆஸ்திரேலியர், ரெண்டு வெஸ்ட் இண்டீஸ், ஒரு பாகிஸ்தான். டெஸ்ட்டைக் கண்டுபிடிச்ச இங்கிலாந்துல இருந்து ஒருத்தர்கூட இல்லை. அதுவும் லார்ட்ஸ்ல நடக்குற விழாவுக்கு! சோபர்ஸ் இல்லை, ஹாப்ஸ் இல்லை, விவ் ரிச்சர்ட்ஸ் இல்லை, மார்ஷல் இல்லை. 800 விக்கெட் எடுத்த முரளிதரனும் இல்லை. அந்த வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதிதான் தோனி சிக்ஸர் அடிச்சு உலகக் கோப்பையைத் தூக்கினோம். நாடே சூட்டோட இருந்த நேரம். அதனால "இந்தியாக்காரன் கிளிக் பண்ணித் தள்ளிட்டான்"ங்கிற பேச்சு உடனே வந்துருச்சு.

இது நம்மாளுங்களுக்கு மட்டும் உள்ள வியாதின்னு நினைக்காதீங்க. அமெரிக்கா பேஸ்பால்ல வருஷா வருஷம் ஆல்-ஸ்டார் ஆட்டம் உண்டு, 1933-ல இருந்து. ரெண்டு லீக்கிலும் உள்ள சிறந்த ஆட்டக்காரர்களை வெச்சு ஒரு மேட்ச். பல வருஷங்கள் தொடக்க வீரர்களை ரசிகர்கள்தான் ஓட்டுப் போட்டு எடுத்தாங்க. 1957-ல சின்சினாட்டி நகரத்துப் பத்திரிகை ஒன்று, உள்ளூர் வீரர்கள் பெயரை ஏற்கெனவே நிரப்பிய வாக்குச்சீட்டையே அச்சடிச்சுக் கொடுத்துச்சு. தேசிய லீக் அணியில எட்டு இடத்துல ஏழு இடம் சின்சினாட்டிக்குப் போச்சு. விசாரிச்சா, விழுந்த ஓட்டுல பாதிக்கு மேல அந்த ஒரே ஊர்ல இருந்து வந்தது.

அப்போ கமிஷனரா இருந்த ஃபோர்ட் ஃப்ரிக் என்ன செஞ்சார்ங்கிறதுதான் நமக்குப் பாடம். ஏழு பேரையும் அவர் தூக்கலை. கஸ் பெல், வாலி போஸ்ட்னு ரெண்டே பேரை எடுத்துட்டு வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் போட்டார். மேஸ், ஆரன் ரெண்டு பேரும் பேஸ்பால் சரித்திரத்திலேயே பெரிய தலைகள். அதே நேரம், அதே கள்ள ஓட்டு அலையில வந்த ஃப்ராங்க் ராபின்சன் அப்படியே இருந்தார். ஏன்னா அவர் நிஜமாவே அந்த இடத்துக்கு ஏத்த ஆள். ஆக, வழி கோணலா இருந்தாலும் வந்த ஆள் சரியா இருக்கலாம். எந்த இடத்துல ஆள் தப்புன்னு பார்த்து அந்த இடத்தை மட்டும் மாத்தணும். (அடுத்த வருஷமே ரசிகர்கள்கிட்ட இருந்து ஓட்டுரிமையைப் பிடுங்கிட்டாங்க. 1970-லதான் திரும்பக் கொடுத்தாங்க. 2015-ல கேன்சஸ் சிட்டி ரசிகர்கள் எட்டு இடத்துல தங்கள் ஆட்களை முன்னிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ரகளை. ஆனா அந்த வருஷம் உலகத் தொடரையே ஜெயிச்சதும் கேன்சஸ் சிட்டிதான்!)

சரி, நம்ம பேப்பருக்கு வருவோம். திருத்துற முறையை முதல்ல சொல்லிடுறேன், ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு இடத்துக்கும் ரசிகர்கள் எடுத்த ஆள் ஒருத்தர், எடுத்திருக்க வேண்டியவர்னு நாம நினைக்கிற ஆள் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தை எடுத்துக்கங்க. பேட்ஸ்மேன்னா, ஒரு டெஸ்ட்டுக்கு ஏறக்குறைய 1.7 இன்னிங்ஸ் ஆடுவார்னு வெச்சு அதால பெருக்குங்க. பவுலர்னா, ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை விக்கெட் எடுப்பாரோ அதால பெருக்குங்க. வர்ற விடை, அந்தத் தவறான தேர்வால அணிக்கு ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை ரன் நஷ்டம்ங்கிறது. வேற வேற காலத்துச் சராசரியை நேரடியா ஒப்பிடுறது முரட்டுக் கணக்குதான், ஒத்துக்கிறேன். ஆனா "அவர் லெஜண்ட் பாஸ்"ங்கிறதைவிட இது மேல்.

ஒப்பிட இன்னொரு விடைத்தாளும் இருக்கு. 2010-ல ஈ.எஸ்.பி.என். கிரிக்இன்ஃபோ ஒரு நிபுணர் குழுவை வெச்சு இதே வேலையைச் செஞ்சது. அவங்க லெவன்: ஹாப்ஸ், ஹட்டன், பிராட்மேன், டெண்டுல்கர், ரிச்சர்ட்ஸ், சோபர்ஸ், கில்கிறிஸ்ட், மார்ஷல், வார்ன், அக்ரம், லில்லி. ரெண்டு லிஸ்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிராட்மேன், டெண்டுல்கர், கில்கிறிஸ்ட், வார்ன், அக்ரம்னு அஞ்சு பேர் பொது. மீதி ஆறு இடம்தான் வழக்கு.

வேகப்பந்துல தொடங்குவோம், அது சீக்கிரம் முடிஞ்சிடும். நிபுணர்கள் மார்ஷல், ரசிகர்கள் ஆம்ப்ரோஸ். மார்ஷல் 376 விக்கெட், சராசரி 20.94. ஆம்ப்ரோஸ் 405 விக்கெட், சராசரி 20.99. வித்தியாசம் 0.05. இதுக்கு மேல பேச ஒண்ணுமில்லை. அடுத்தது லில்லி, மெக்ராத். லில்லி 355 விக்கெட், 23.92. மெக்ராத் 563 விக்கெட், 21.64. டெஸ்ட்டுக்கு நாலரை விக்கெட்னு வெச்சா, ரசிகர்களோட தேர்வுல அணிக்குப் பத்து ரன் லாபம். லாரா (52.88), ரிச்சர்ட்ஸ் (50.23) கணக்கிலும் ரசிகர்கள் பக்கம் நாலஞ்சு ரன் மிச்சம். ஹெல்மெட் போடாம லில்லியையும் தாம்சனையும் வெளுத்தவர் ரிச்சர்ட்ஸ்னு பெரியவங்க சண்டைக்கு வருவாங்க. வரட்டும். ரிச்சர்ட்ஸ் வந்தாலும் தப்பில்லை, லாரா இருந்தாலும் தப்பில்லை.

ஓப்பனர்கள் இடம் கொஞ்சம் சிக்கல். கவாஸ்கரை யாரும் கேள்வி கேக்க முடியாது. டெஸ்ட்ல முதன்முதலா 10,000 ரன் தொட்ட மனுஷன், 34 சதம், அதுல 13 வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா. சேவாக்? டெஸ்ட் வாழ்க்கை முழுக்கச் சேர்த்து 8586 ரன், சராசரி 49.34. ஹாப்ஸ் 56.94, ஹட்டன் 56.67. ஹாப்ஸ் ஆடுனது மழை பெஞ்சா மூடாத பிட்ச்ல. சேவாக் இடத்துல ஹாப்ஸ் வந்திருந்தா நம்ம முறைப்படி டெஸ்ட்டுக்குச் சுமார் 13 ரன் கூடுதல். இன்னொண்ணும் இருக்கு: இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து மூணு நாட்டிலும் சேவாக்கோட சராசரி 30-ஐத் தொடலை. அந்த 2011 இங்கிலாந்து தொடரிலேயே எட்ஜ்பாஸ்டன்ல ரெண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே அவுட். எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஓப்பனர்னு ஓட்டு வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை.

ஆனா சேவாக்குக்காக ஒரு வாதம் இருக்கு, அதை முழுங்கிடக் கூடாது. 2008-ல நம்ம சேப்பாக்கத்துல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா 319. அதுல 300-ஐத் தொட 278 பந்து. டெஸ்ட் ஜெயிக்கணும்னா 20 விக்கெட் எடுக்கணும், அதுக்கு நேரம் வேணும். நூறு பந்துக்கு 82 ரன் அடிக்கிற ஓப்பனர் தன் பவுலர்களுக்கு நேரத்தைச் சம்பாதிச்சுக் கொடுக்குறார். சராசரியில அது தெரியாது. அதனால 13 ரன் நஷ்டம்ங்கிறதைக் கொஞ்சம் குறைச்சே வெச்சுக்கலாம். தப்புதான், ஆனா பாதி மார்க் போடுற தப்பு.

முழு மார்க்கும் போற இடம் ஆல்ரவுண்டர்.

கபில் தேவ்: 131 டெஸ்ட், 5248 ரன், சராசரி 31.05. 434 விக்கெட், சராசரி 29.64. சோபர்ஸ்: 93 டெஸ்ட், 8032 ரன், சராசரி 57.78. 235 விக்கெட், சராசரி 34.03. பேட்டிங்ல ஒரு இன்னிங்ஸுக்கு 26.7 ரன் வித்தியாசம், டெஸ்ட்டுக்கு 45 ரன் சோபர்ஸ் பக்கம். பவுலிங்ல டெஸ்ட்டுக்கு மூணு விக்கெட்னு வெச்சா 13 ரன் கபில் பக்கம். கழிச்சா டெஸ்ட்டுக்கு 30 ரன்னுக்கு மேல நஷ்டம். மத்த எந்த இடத்திலும் இவ்வளவு பெரிய ஓட்டை இல்லை. சோபர்ஸ் பிடிக்கலைன்னா இம்ரான் கானை எடுத்துப் பாருங்க: பேட்டிங் 37.69, பவுலிங் 22.81. அவர்கூட ரெண்டு பக்கமும் கபிலுக்கு மேல.

கபிலைக் குறை சொல்ல எனக்கு மனசே வரலை. அந்த மனுஷன் செத்த பிட்ச்ல, எதிர் முனையில உருப்படியான வேகப்பந்து வீச்சாளர் இல்லாம, வருஷக்கணக்கா ஒத்தை ஆளா ஓடி ஓடிப் போட்டவர். 1983-ல அகமதாபாத்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 83 ரன் கொடுத்து 9 விக்கெட். இருந்தும் இந்த அணியில அவருக்கு என்ன வேலைன்னு யோசிங்க. அக்ரம், ஆம்ப்ரோஸ், மெக்ராத், வார்ன்னு நாலு பேர் பந்து போட ஏற்கெனவே இருக்காங்க. ஆறாவது இடத்துக்குத் தேவை பேட்டிங் ஆடுற ஆள். 31 சராசரி வெச்சு ஆறாவதா இறங்க முடியாது. கில்கிறிஸ்ட்டை (47.60) மேல ஏத்திட்டு, கபிலை ஏழாவதா அஞ்சாவது பவுலரா வெச்சுக்கணும். ரசிகர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா டிக் அடிச்சதோட விளைவு இது. தேர்வுக்குழு மேஜையைச் சுத்தி உக்காந்தா, "இவர் வந்தா அவர் எங்க இறங்குவார்"னு ஒருத்தராவது கேப்பார்.

சோபர்ஸ் எப்படித் தோத்தார்? 2000-ஆம் ஆண்டு விஸ்டன் நூறு நிபுணர்களைக் கூப்பிட்டு நூற்றாண்டின் அஞ்சு வீரர்களைக் கேட்டப்போ பிராட்மேனுக்கு நூத்துக்கு நூறு, சோபர்ஸுக்கு 90. மூணாவதா வந்த ஹாப்ஸுக்கு 30தான். அவ்வளவு இடைவெளி! பதினொரு வருஷம் கழிச்சு ரசிகர்கள் கையில அவர் காணாமப் போனார்.

எல்லாரும் உடனே சொல்ற பதில், "பார்க்காதவனை எவன் எடுப்பான்." லிஸ்ட்டைப் பார்த்தா அது சரிதான் போல. கவாஸ்கர் 1971, கபில் 1978-ல வந்தவங்க. அக்ரம் தொடங்கி சேவாக் வரை எட்டு பேர் முதல் டெஸ்ட் ஆடுனது 1985-க்கும் 2001-க்கும் நடுவுல. கேபிள் டிவி காலத்து ஆட்கள். ஆனா அவசரப்படாதீங்க, இங்க ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. டெஸ்ட் தொடங்குனது 1877-ல. ஆயிரமாவது டெஸ்ட் நடந்தது 1984 நவம்பர்ல, பாகிஸ்தான்ல. ரெண்டாயிரமாவது 2011-ல. அதாவது முதல் ஆயிரத்துக்கு 107 வருஷம், அடுத்த ஆயிரத்துக்கு 27 வருஷம்கூட முழுசா ஆகலை. மொத்த டெஸ்ட்ல பாதி 1984-க்குப் பிறகு நடந்ததுதான். அப்போ பதினொண்ணுல அஞ்சோ ஆறோ பேர் இந்தக் காலத்தவரா இருக்குறது நியாயம். எட்டு வந்திருக்கு. சாய்வு இருக்கு, ஆனா "எட்டு பேர் புதுசா"ன்னு அலறுற அளவுக்கு இல்லை.

அதோட, பிராட்மேனை மட்டும் எவன் பார்த்தான்? 1948-ல ரிடையர் ஆனவர். ஆனாலும் உள்ள வந்துட்டாரே. 99.94ங்கிற ஒரே ஒரு எண் அவரைக் கொண்டுவந்துச்சு. கிரிக்கெட் ஆடத் தெரியாதவனுக்கும் அது தெரியும், இன்னைக்கு வரைக்கும் யாரும் கிட்ட வரலை. சோபர்ஸ்கிட்டயும் அப்படி எண்கள் இருந்துச்சு. ஆட்டமிழக்காம 365, உலக சாதனை. 1994-ல லாரா 375 அடிச்சு அதை உடைச்சார். 1968-ல ஒரே ஓவர்ல ஆறு சிக்ஸர், முதல் தரக் கிரிக்கெட்ல முதல் ஆள். 1985-ல ரவி சாஸ்திரி அதைச் செஞ்சார், 2007-ல யுவராஜ் டிவியில நம்ம கண்ணு முன்னாடியே செஞ்சார். நினைவுல ஒட்டுற எண்ணெல்லாம் அடுத்தவன் பேருக்கு மாறிடுச்சு. சோபர்ஸ்கிட்ட மிச்சம் இருக்குறது 57.78-ம் 34.03-ம் ஒரே ஆள்கிட்ட இருக்குங்கிற அதிசயம். அதைப் புரிஞ்சுக்க ரெண்டு எண்ணையும் சேர்த்து யோசிக்கணும். எதிர்ல கபில்னா கையில 1983 உலகக் கோப்பை, லார்ட்ஸ் பால்கனி. அது ஒருநாள் போட்டிக் கோப்பை, ஓட்டோ டெஸ்ட் அணிக்கு. கிளிக் பண்ற விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

இப்போ நீங்க காத்துக்கிட்டிருக்குற ஆள். முரளி.

கண்டிக்காரர், மலையகத் தமிழர், தாத்தா தமிழ்நாட்டுல இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. வார்ன் 145 டெஸ்ட், 708 விக்கெட், 25.41. நம்ம முறையில டெஸ்ட்டுக்கு அஞ்சு விக்கெட் வெச்சா முரளி பக்கம் 13 ரன். தமிழன்ங்கிறதால ஒதுக்கிட்டாங்கன்னு பேசத் தோணும். பேசறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு தடவை கூட்டிப் பார்ப்போம்.

முரளியோட 800-ல 176 விக்கெட், அப்போ பலவீனமா இருந்த வங்கதேசம், ஜிம்பாப்வே அணிகளுக்கு எதிரா எடுத்தது. வார்னுக்கு அப்படி 17-தான். ரெண்டு பேருக்கும் அதைக் கழிச்சா முரளி 24.9, வார்ன் 25.5. வித்தியாசம் டெஸ்ட்டுக்கு மூணு ரன்னா சுருங்கிடுது. அடுத்து, சொந்த மண்ணை விட்டு வெளிய. முரளி இலங்கைக்கு வெளிய 307 விக்கெட், சராசரி 27.8. வார்ன் ஆஸ்திரேலியாவுக்கு வெளிய 389 விக்கெட், சராசரி 24.6. இங்க வார்ன் பக்கம் 16 ரன். சுழலுக்குச் சாதகமான காலே, கண்டி பிட்ச் முரளிக்கு. வேகத்துக்குச் சாதகமான பிரிஸ்பேன், பெர்த் வார்னுக்கு. இந்தியாவுல ரெண்டு பேருமே அடி வாங்குனவங்க: வார்ன் 43.11, முரளி 45.45.

முரளிக்கும் பதில் இருக்கு. வார்ன் தன் காலத்தோட வலுவான பேட்டிங் வரிசைக்கு எதிரா ஒரு டெஸ்ட்கூடப் போட்டதில்லை, ஏன்னா அது அவர் சொந்த அணி. முரளி போட்டார். ஆஸ்திரேலியாவுல அஞ்சு டெஸ்ட்ல 12 விக்கெட், சராசரி 75. அந்தச் சுமையும் அவர் கணக்குலதான் ஏறியிருக்கு. எதிர் முனையில மெக்ராத் மாதிரி ஒருத்தர் இல்லாமலே 800.

மூணு விதமா கூட்டுனா மூணு விடை வருது. அப்படின்னா அந்த இடத்துல ரசிகர்கள் தப்புப் பண்ணலைன்னுதான் நான் மார்க் போடுவேன். நிபுணர்களும் வார்னைத்தான் எடுத்தாங்க. அதே 2011 தொடக்கத்துல ஐ.சி.சி. ஒருநாள் போட்டிக்கான எல்லாக் கால அணிக்கு ஓட்டெடுத்தப்போ, ஸ்பின்னரா இதே ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது முரளியைத்தான். ஒருநாள் போட்டியில அவர் 534 விக்கெட், வார்ன் 293. அங்க போட்டியே இல்லை, ரசிகர்களுக்கும் அது தெரிஞ்சிருந்துச்சு.

என் கோபம் ஓட்டுப் போட்டவங்க மேல இல்லை, கட்டம் போட்டவங்க மேல. வந்த அணியை எண்ணிப் பாருங்க: வேகத்துக்கு மூணு, சுழலுக்கு ஒண்ணு. 2000 டெஸ்ட்ல அதிக விக்கெட் எடுத்த முதல் ரெண்டு பேரும் ஸ்பின்னர்கள். அவங்க ரெண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்க வேண்டியதாப் போச்சு.

கபிலை எடுத்துட்டு சோபர்ஸை வெச்சா அந்தச் சிக்கலும் பாதி தீருது. இடது கையில வேகம் போடுவார், சுழலும் போடுவார். அப்போ வேகத்துல ஒரு ஆளைக் குறைச்சு முரளியையும் சேர்க்கலாம். சேப்பாக்கத்துல மேட்ச்னா யாரும் மறுக்க மாட்டாங்க. இங்கிலாந்துல எதுக்கு ரெண்டு ஸ்பின்னர்னு கேக்குறவங்களுக்கு ஒரு ஸ்கோர்கார்டு இருக்கு: 1998 ஆகஸ்ட், லண்டன் ஓவல், இங்கிலாந்துக்கு எதிரான ஒரே டெஸ்ட், முரளிக்கு 16 விக்கெட்.